மொழிப்பெருமையும் உழைப்போர் குரலும்: 'ஹிப்ஹொப் தமிழா' இருவரின் கலைவரலாறு

ஒரு கலைவடிவம் எங்கே பிறந்தது என்பதைக் கொண்டே அது நமக்கு உரியதா, அன்றா என்று தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் வரலாறு அத்தகைய தீர்ப்புகளை மதித்ததில்லை. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதனை விலக்கிவிட்டு நமது இசைநாடக மரபை எண்ணிப் பார்த்தல் இயலாது. வயலின் கப்பலேறி வந்தது. இன்று அது கருநாடக இசைமேடையின் இன்றியமையாத அங்கம். நாவலும் சிறுகதையும் மேனாட்டார் தந்தவையே. எனவே, 'ராப்' எனப்படும் பேச்சிசையைப் பண்பாட்டுச் சீரழிவு என்று புறந்தள்ளும் முதியோரும், புதியது என்பதனாலேயே அதனைத் தலைமேற் கொள்ளும் இளையோரும் ஒரே தவற்றினைத்தான் புரிகின்றனர். இருசாராரும் அது யாருக்காகப் பேசுகிறது என்ற வினாவை எழுப்புவதில்லை.

பாமன்கடைச் சந்தியிலிருந்து வெள்ளவத்தைக் கடற்கரை வரையிலும், அப்பால் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் வாழும் தமிழ் மாணவருக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நன்கு பழக்கமான பெயர் 'ஹிப்ஹொப் தமிழா'. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி, அவருடைய தோழர் ஜீவா ஆகிய இருவரும் இணைந்து சூட்டிக்கொண்ட பெயர் அது. தமிழ்நாட்டில் இப்பேச்சிசையை வீடுதோறும் கொண்டு சேர்த்தோர் அவர்களே என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய வளர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது, அது எந்த இடத்தில் தன் எல்லையைத் தொட்டது, அவ்வெல்லைக்கு அப்பால் நடந்தோர் யார் என்பனவற்றை ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

இக்கலையின் பிறப்பிடம் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதி. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெருந்தெரு ஒன்று அப்பகுதியை ஊடறுத்துச் சென்றபோது பல்லாயிரம் உழைக்கும் குடும்பங்கள் இருப்பிடம் இழந்தன. வசதி படைத்தோர் வெளியேறினர். எஞ்சியோர் கறுப்பு மக்களும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோரும். தொழிற்சாலைகள் மூடப்பட்டன; பள்ளிகளில் இசைக்கல்வி சுருங்கிற்று. இச்சூழலில், 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், செட்ஜ்விக் வீதி 1520ஆம் இலக்கக் குடியிருப்பின் பொதுமண்டபத்தில் நடந்த ஒரு கொண்டாட்டத்தில், ஜமெய்க்காவிற் பிறந்த கிளைவ் காம்பெல் என்னும் இளைஞர் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்துக்கொண்டு, பாட்டின் தாளப்பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். வாத்தியம் வாங்க வழியற்றோர் பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிய நிகழ்ச்சி இது. அத்தாளத்தின்மேல் ஏறி நின்று பேசிய பேச்சே பின்னர் ராப் ஆயிற்று.

இக்கலையில் இருவர் இணைதல் இயல்பாக அமைந்த ஒரு முறையாகும். ஒருவர் தாளத்தைக் கட்டுகிறார். மற்றவர் அதன்மேற் சொல்லைக் கட்டுகிறார். 1987இல் 'பெய்ட் இன் ஃபுல்' என்னும் இசைத்தட்டை வெளியிட்ட எரிக் பி., ராகிம் இணை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆயினும் தெருவிற் பிறந்த கலை தெருவில் நெடுங்காலம் தனித்திருக்க விடப்படவில்லை. 1979இலேயே அது இசைத்தட்டு வணிகத்துள் நுழைந்து பெரும் விற்பனை கண்டது. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' சேரி வாழ்வின் வெம்மையை வெளிப்படையாகக் கூறியது. களியாட்டத்தை விற்கும் போக்கும், உண்மையை உரைக்கும் போக்கும் அன்று முதல் இக்கலையினுள் ஓயாது மோதிவருகின்றன. தமிழில் நிகழ்ந்ததும் இம்மோதலின் ஒரு பகுதியே.

தமிழ்மொழி இவ்வடிவத்துக்குப் பொருந்துமா என்று கேட்டோர் உண்டு. அவர்கள் நமது யாப்பை மறந்தவராதல் வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை வகுத்துரைக்கிறது. அருணகிரிநாதரின் சந்தங்கள் நாவையும் தாளத்தையும் ஒருங்கே சோதிப்பவை. ஆங்கிலப் பேச்சிசை அடியிறுதி ஒலியொப்புமையைப் பெரிதும் நம்பி நிற்க, தமிழுக்கோ அடியின் தொடக்கத்திலே எதுகையும் மோனையும் கைகொடுக்கின்றன. இறுதியில் இயைபும் உண்டு. வில்லுப்பாட்டிலே ஒருவர் கதை சொல்ல, மற்றவர் ஆமாம் போட்டுத் தாளத்தைத் தாங்குவதை நாம் அறிவோம். எனவே, வடிவம் அந்நியமாயினும் அதனை ஏற்கும் நிலம் தமிழில் முன்னரே பண்பட்டிருந்தது.

இருப்பினும், தமிழ்ப் பேச்சிசை தமிழ்நாட்டில் முதலில் தோன்றவில்லை. அது கடல் கடந்த தமிழரிடையே தோன்றிற்று. மலேசியாவில் இறப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தோட்டத் தொழிலாளரின் மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளில் வந்து குவிந்த காலத்தில், யோகி பி முதலியோர் அடங்கிய 'பொயற்றிக் அம்மோ' குழு 1998இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2006இல் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' குழு வெளியிட்ட 'வல்லவன்' தமிழுலகெங்கும் பரவிற்று. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலொன்றை அவர்கள் புதிதாக்கித் தந்தபோது, பழைய ராகமும் புதிய பேச்சும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. லண்டனில், ஈழத்திலிருந்து ஏதிலியாகச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் 'அருளர்' என்னும் தொகுப்பின் மூலம் இடம்பெயர்ந்தோரின் ஆங்கிலத்தை உலக அரங்கில் ஒலிக்கச் செய்தார்.

நமது கொழும்பும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 2006ஆம் ஆண்டளவில் கிரிஷான் மகேசன் என்னும் இளைஞர் இலங்கைத் தமிழில் ராப் பாடல்களை வெளியிட்டார். அவ்வாண்டு எத்தகையது என்பதை மாணவர்க்கு நினைவூட்டுதல் நம் கடன். போர் மீண்டும் மூண்டு, ஏ9 பாதை ஆகஸ்டில் மூடப்பட்ட ஆண்டு அது. அடுத்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் விடியுமுன்னே பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தமிழில் உரக்கப் பேசுதலே அச்சத்துக்குரியதாயிருந்த தெருக்களில், தமிழில் உரக்கப் பாடும் ஒரு கலை இளைஞரின் காதுகளில் இடம்பெற்றது. இவ்வுண்மையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்நாடு ஏன் தாமதித்தது? அங்கே இசை என்பது பெரும்பாலும் திரைப்பட இசையாகவே இருந்தது. திரைக்கு வெளியே ஒரு பாடகன் தன் பெயரில் தன் சொல்லைப் பாடி வாழ்வதற்கான சந்தை இல்லை. இணையம் அவ்வாயிலைச் சற்றே திறந்தது. 2011இல் வானொலி நிகழ்ச்சியொன்றில் ஆதி பாடிய 'கிளப்புல மப்புல' என்னும் பாடலின் காணொளி சில நாள்களிலேயே பெரும்புகழ் எய்திற்று. ஆனால் அப்பாடல் எதைப் பாடிற்று? நகரத்துக் களியாட்ட விடுதிக்குச் செல்லும் பெண்ணின் உடையையும் குடியையும் சுட்டிப் பண்பாடு கெட்டதென வருந்திற்று. ஆடவனின் குடிக்கு ஓர் அளவுகோலும் பெண்ணின் குடிக்கு மற்றோர் அளவுகோலும் வைக்கும் பழைய நிலவுடைமை அறம், புதிய தாளத்திலே ஏறி அமர்ந்திருந்தது. பெண்களை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனம் அன்றே எழுந்தது, அக்கண்டனம் நியாயமானதே. உருவத்தின் புதுமை உள்ளடக்கத்தின் முற்போக்குக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

எனினும் அத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மையான திறனாய்வாகாது. 2012இல் இருவரும் 'ஹிப்ஹொப் தமிழன்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். இந்தியாவில் வெளிவந்த முதல் தமிழ் ஹிப்ஹொப் தொகுப்பு என அது கருதப்படுகிறது. திரைப்படம் ஒன்றின் துணையின்றித் தமிழ் இளைஞரிடம் சென்று சேர்ந்தமை அதன் முதற் சாதனை. தாய்மொழியிற் பேசுவதை இழிவாகக் கருதும் நகரத்து நடுத்தர வகுப்பு இளைஞனை நோக்கி, அவனுடைய நாகரிகத்தின் அடையாளமாகவே தமிழை முன்வைத்தமை இரண்டாவது சாதனை. ஆங்கிலவழிக் கல்லூரிகளில் தமிழ் பேசக் கூசிய தலைமுறையொன்று, இவர்கள் வழியே தமிழைச் சட்டையிலும் உதட்டிலும் அணிந்துகொண்டது. 2019இல் இவர்கள் 'தமிழி' என்ற பெயரில் தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கூறும் ஆவணத் தொடரை இணையத்தில் வெளியிட்டதும் இப்பணியின் தொடர்ச்சியே. கல்வெட்டையும் பானையோட்டு எழுத்தையும் மாணவரைத் தேடிப் பார்க்கச் செய்த எவரையும் நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

திரையுலகம் இவ்வெற்றியைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 2013இல் அநிருத் இசையமைத்த 'எதிர்நீச்சல்' படத்தில் ஆதியின் குரல் ஒலித்தது. 2015 ஜனவரியில் வெளிவந்த 'ஆம்பள' படத்துக்கு இருவரும் இசையமைப்பாளராயினர். அதே ஆண்டில் 'தனி ஒருவன்' வந்தது. 2017 ஜூலையில் ஆதி தாமே எழுதி, இயக்கி, நடித்த 'மீசைய முறுக்கு' அவருடைய வாழ்க்கையையே திரைக்கதையாக்கிற்று. பிற்காலத்தில் ஆதி இசைத் தொழில்முனைவு பற்றி ஆய்வு செய்து பாரதியார் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆய்வுப்பொருளின் பெயரே இவ்வளர்ச்சியின் திசையைக் காட்டுகிறது. திரையின் முற்றுரிமைக்கு வெளியே தோன்றிய ஒரு குரல், நான்கே ஆண்டுகளில் அத்திரையின் உள்ளே ஓர் ஆசனம் பெற்றது. கலைஞன் வாழவேண்டும், அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஆசனம் கிடைத்த பின் எந்தச் சொல் எளிதாக வரும், எந்தச் சொல் தொண்டையிலே தடைப்படும் என்பது ஆராயத்தக்கது.

அச்சோதனை 2017இல் வந்தது. 2014 மே மாதத்தில் இந்திய உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்திருந்தது. 2016இல் இருவரும் 'டக்கரு டக்கரு' என்ற பாடலை வெளியிட்டு, ஏறுதழுவலையும் நாட்டு மாட்டினத்தையும் உழவனின் நிலையையும் இணைத்துப் பேசினர். 2017 ஜனவரி 16இல் அலங்காநல்லூரில் தொடங்கிய போராட்டம் மறுநாள் சென்னை மெரினாக் கடற்கரையை எட்டிற்று. கட்சித் தலைமை ஏதுமின்றி இலட்சக்கணக்கானோர் இரவும் பகலும் அங்கே அமர்ந்தனர். அம்மணலில் அப்பாடல் மீண்டும் மீண்டும் ஒலித்தது. யாழ்ப்பாணத்திலும் இளைஞர் கூடி ஆதரவு தெரிவித்தனர். ஒரு பாட்டு தனியறையிலிருந்து பொதுவெளிக்கு வந்து மக்கள் திரளின் குரலாக மாறும் அரிய தருணங்களுள் அது ஒன்று.

ஆனால் கூடிய மக்கள் காளையை மட்டும் பேசவில்லை. பருவமழை பொய்த்து உழவர் மடிந்துகொண்டிருந்த காலம் அது. காவிரி பற்றியும் வறட்சி பற்றியும் பெருநிறுவனங்கள் பற்றியும் மத்திய, மாநில ஆட்சிகள் பற்றியும் மணலில் விவாதம் எழுந்தது. சில ஊர்களின் வாடிவாசலில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லையே என்ற குரலும் கேட்டது. அப்பொழுதுதான், போராட்டம் திசை திருப்பப்படுகிறது, நாட்டுக்கெதிரான முழக்கங்கள் எழுகின்றன என்று மனவருத்தத்துடன் அறிவித்து ஆதி விலகிக்கொண்டார். ஜனவரி 23ஆம் நாள் பொலிஸார் கடற்கரையை வலிந்து வெறுமையாக்கினர். அடிபட்டு ஓடிய மாணவர்க்குப் புகலிடம் தந்தோர் கரையோர மீனவர். நடுக்குப்பத்து மீன்சந்தை தீக்கிரையாயிற்று. பொலிஸாரே தீயிட்டனரென அம்மக்கள் குற்றஞ்சாட்டினர். அதே நாளில் சட்டமன்றம் ஜல்லிக்கட்டுக்கு வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2023 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. காளை வென்றது, மீன் விற்ற பெண்ணின் கடை சாம்பலாயிற்று.

ஒரு கலைஞன் அஞ்சினான், துரோகம் செய்தான் என்றெல்லாம் தனிமனிதனை ஏசுவது நமது நோக்கமன்று. விலகுதற்கு அவருக்கு உரிமையுண்டு. தம் காரணத்தை மறைக்காது கூறியும் இருக்கிறார். நாம் காணவேண்டியது அவ்விலகலின் தருக்கத்தை. 'தமிழன்' என்ற ஒரே சொல்லின் கீழ் நிலக்கிழாரும் கூலியும், மேற்சாதியும் சேரியும், மாணவரும் மீனவரும் ஒன்றாக நிற்கும் வரையில் அப்பாடலுக்கு இடர் இல்லை. அத்திரளிலிருந்து ஒருவன் எழுந்து, என் நிலம் யாரிடம், என் நீர் எங்கே, வாடிவாசலில் என் இடம் எது என்று கேட்கும் கணத்தில், அதுவரை ஒன்றாயிருந்த சொல் பிளக்கிறது. பெருமை பேசுவதற்கென்று கட்டப்பட்ட பாட்டினால் அப்பிளவைத் தாங்க முடியவில்லை.

இதனை உணர்தற்குப் பாமன்கடையினர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நமக்கு அண்மையில், ஹவ்லொக் வீதியோரம், இன்று அடுக்குமாடிகள் எழுந்து நிற்கும் நிலத்திலேதான் வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவாலை இயங்கிற்று. அதன் தொழிலாளருட் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து வந்தோர். அவருள் மலையாளிகள் பலர். 1933இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தலைமை தாங்கினர். ஆனால் 1923இன் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய அதே ஏ. ஈ. குணசிங்க, இம்முறை அதனை எதிர்த்து நின்று, இந்தியத் தொழிலாளருக்கு எதிரான இனவுணர்வைக் கிளப்பினார். உழைப்பின் பெயரால் வளர்ந்த தலைமை, இனப்பெருமையின் பெயரால் உழைப்பாளரைப் பிரித்தது. அவ்வனுபவத்தின் வழியே வந்த இளைஞரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். இனம், மொழி என்பன மக்களைத் திரட்டவும் வல்லன. திரண்ட மக்களைக் கலைக்கவும் வல்லன. எந்த வேளையில் எது நிகழும் என்பதை உழைப்போர் பக்கம் நின்று பார்ப்போரே அறிவர்.

மெரினாவில் மக்கள் கலைந்து ஒரு வாரம் கழிந்ததும், 2017 ஜனவரி 31இல், முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு மக்கள் படையினர் வசமிருந்த தம் நிலத்தைக் கேட்டு முகாம் வாயிலில் அமர்ந்தனர். பெண்களும் குழந்தைகளும் வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் இருந்து, தம் காணியை மீட்டனர். காளைக்குக் கிடைத்த பாட்டு இக்காணிக்குக் கிடைத்ததா என்று நம் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஹிப்ஹொப் தமிழா விட்ட இடத்திலிருந்து மற்றோர் தொடர்ந்தனர். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், இசைக்கலைஞர் தென்மா ஒருங்கிணைக்க, பறையும் கானாவும் ராப்பும் அங்கே ஒன்றாயின. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்தே அப்பெயர் பிறந்தது. தமிழன் என்ற சொல்லின் முன் 'சாதியற்ற' என்ற அடைமொழி சேர்ந்தபோது, அச்சொல்லின் பொருளே மாறிற்று. அக்குழுவில் வளர்ந்த அறிவு, ஓஃப்ரோவுடன் இணைந்து 2019இல் 'தெருக்குறள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். இதுவும் இருவர் இணையே; இங்கும் ஒருவர் தாளத்தையும் மற்றவர் சொல்லையும் கட்டினர். ஆனால் முன்னைய இருவர் எட்டிய எல்லைக்கு அப்பாலிருந்து இவர்கள் பேசத் தொடங்கினர்.

2021 மார்ச்சில் அறிவும், அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பின்னணியுடைய பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' நம் நாட்டுக்கு நேரடியாக உரிய வரலாறொன்றைச் சுமந்து வந்தது. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசுவதற்கென ஒத்திவைக்கப்பட்டனர். காட்டைத் திருத்தி மலையைப் பொன்னாக்கியோர்க்கு அங்கும் நிலமில்லை, இங்கும் நிலமில்லை. பாடநூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துபோகும் இவ்வரலாறு, ஒரு பேச்சிசைப் பாடலின் வழியே உலகெங்கும் பல கோடித் தடவை கேட்கப்பட்டது.

அதன் பின்னரும் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. அப்பாடலை ஆக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது பற்றி 2022இல் பொதுவெளியில் வாதம் எழுந்தது. அப்பாடலினால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் 2024இல் வெளிப்படையாகக் கூறினார். நிலமற்றோரைப் பாடிய பாட்டும் தன் விளைச்சலுக்காக வழக்காட வேண்டியதாயிற்று. பிரொங்ஸில் தொடங்கிய மோதல் தமிழிலும் நீடிக்கிறது.

ஆதலின் ஹிப்ஹொப் தமிழா இருவரின் இடத்தை நாம் இவ்வாறு வரையறுப்போம். அவர்கள் தமிழ்ச் சொல்லைப் புதிய தாளத்தில் ஏற்றி, திரைக்கு வெளியே ஓர் இளைஞர் கூட்டத்தைத் திரட்டிக் காட்டினர். பின்வந்தோர் நடந்த பாதையின் கற்களுட் பல அவர்கள் பதித்தவை. மொழியின்மீது பற்றை எழுப்பினர். அப்பற்று எவர் பக்கம் நிற்கவேண்டும் என்ற வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை. முன்னதை மறுப்போர் வரலாற்றை மறுப்பவர். பின்னதை மறைப்போர் வரலாற்றிலிருந்து எதனையும் கல்லாதவர்.

ஆசிரியப் பெருமக்கள் இப்பாடல்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தித் தாளிடுதலாற் பயனில்லை. எதுகையையும் மோனையையும் கற்பிக்கும்போதே, இச்சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது, யாரைப் பேசவிடாமற் செய்கிறது என்று கேட்கவும் மாணவரைப் பழக்குவோமாக. பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் அட்டனிலும் முல்லைத்தீவிலும் நாளை பேச்சிசை பாட எழும் இளைஞர்க்குத் தாளம் கிடைப்பதிற் குறையில்லை. அவர்களுக்குக் கொடுக்கவேண்டியது ஆலைத் தொழிலாளியின் வரலாறும், தோட்டத் தொழிலாளியின் வரலாறும், காணி கேட்டு வெயிலில் அமர்ந்த தாயின் வரலாறுமே. அவற்றை அறிந்து பாடுகிறவன், கூட்டம் தன் உரிமையைக் கேட்கத் தொடங்கும்போது மேடையை விட்டு இறங்கமாட்டான்.